விஜயதாஸ் ஆதரவுக் கமிட்டி

என் கணவருக்காக ஊரில் ஒரு கமிட்டி போட்டார்கள். அவர் சாகவில்லை, தேர்தலுக்கு நிற்கவில்லை, துபாய்க்குப் போய்ப் பெட்டியோடு திரும்பி வரவுமில்லை. கொஞ்சம் மனக்கனத்தோடு இருந்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

எங்கள் பக்கத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவே நாலு பேர் மழைக்கு ஒரு கடையில் ஒதுங்கினால், மழை விடுவதற்குள் ஒருவர் பிரசிடென்ட், ஒருவர் செக்ரட்டரி, ஒருவர் கன்வீனர் ஆகியிருப்பார். நாலாவது ஆள் எதிர்ப்புத் தெரிவித்து வெளிநடப்புச் செய்து, நனைந்துகொண்டே வீட்டுக்குப் போயிருப்பார். குளம் தூர்வார ஒரு கமிட்டி உண்டு. குளம் தூர்வாராததைக் கண்டிக்கவும் ஒரு கமிட்டி உண்டு. இரண்டிலும் அதே ஆட்கள்தான்.

என் கணவர் விஜயதாஸ் போர்டு எழுதுகிறவர். தமிழையும் மலையாளத்தையும் ஒரே அழகில் எழுதத் தெரிந்த கை இந்த வட்டாரத்தில் அவருடையதுதான். கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இந்தப்பக்கக் கடைகளுக்கும் அந்தப்பக்கக் கடைகளுக்கும் அவரே எழுதுவார். தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தையும் அவரிடமே கொடுப்பார்கள். வேலை செய்யும்போது அவர் பேசமாட்டார். வேலை இல்லாதபோதும் பேசமாட்டார்.

கல்யாணமான புதிதில் நானும் பயந்தேன். என்னைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன், மீன் குழம்பில் புளி கூடிவிட்டதோ என்று நினைத்தேன். ஒவ்வொரு வருஷமும் ஆடி மாதத்துக் கர்க்கடக மழை தொடங்கியதும் அவர் மேல் ஒரு கனம் ஏறும். கேட்டதற்குத்தான் பதில் வரும், அதுவும் சில நேரம் அடுத்த நாள் வரும். ஓண வெயில் அடிக்கத் தொடங்கினால் அது தானாக இறங்கிப்போகும். நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சாப்பாடு, தூக்கம், வேலை மூன்றையும் பற்றி விசாரித்தார். மூன்றும் நடக்கிறது என்றேன்.

"அப்பம் அது அவருக்க சுபாவமாக்கும். இந்த மூணுல ஒண்ணு நின்னு போச்சுன்னா உடனே கூட்டிக்கிட்டு வாங்க. அது வரைக்கும் சும்மா விடுங்க" என்றார் டாக்டர்.

சும்மா விடுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் செய்து பார்க்கட்டும். எனக்கு அதைப் படிக்க வருஷங்கள் ஆயின. பால் விடாத கட்டன் காப்பியைப் பக்கத்தில் வைக்க வேண்டும், குடித்தீர்களா என்று கேட்கக் கூடாது. நான் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளுக்கான படங்களை வெட்டி ஒட்டும் வேலை எப்போதும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அவர் இருக்கிற அறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். சாயங்காலம் அவர் வீட்டுக்கு எதிரே சானல் கரைக்குப் போவார். அங்கே கால்வாயைக் கடக்கிற சின்னப் பாலம் உண்டு, கலுங்கு என்போம். அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, இருட்டும் வரை தண்ணீரைப் பார்ப்பார். பிறகு வந்து சாப்பிடுவார். எங்கள் வாழ்க்கை இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷம் அஜேஷ் நெய்யாற்றின்கரையில் நடந்த ஆளுமை வளர்ச்சி முகாமுக்குப் போனான். அவன் எங்கள் ஊர் உதயதாரா ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் செக்ரட்டரி. போகும்போது இன்ஷூரன்ஸ் ஏஜென்டாகப் போனவன், வரும்போது மனோதத்துவ நிபுணனாக வந்தான். வந்த வேகத்தில் ஞானையன் அண்ணனின் சாயாக்கடையில் வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

"மனுசங்க நாலு வகையாக்கும்" என்றான்.

"எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வகைதான் மக்கா. சீனி போட்டு சாயா குடிக்கவன், போடாம குடிக்கவன்" என்றார் ஞானையன் அண்ணன்.

"அண்ணே, இது சயன்ஸ். நாலாவது வகைக்காரங்களுக்கு உள்ளுக்குள்ள எப்பவும் ஒரு விசமம், ஒரு மனவருத்தம் உண்டு. நாம அவங்களை மனசிலாக்கணும். ஆதரிக்கணும். இல்லேன்னா சமூகம்னு சொல்லிக்கிட்டு நாம எதுக்கு?"

அப்போது யோசுவா அண்ணன் மேஜையில் ஓங்கி அடித்தார். கண்ணாடி டம்ளர் ஒன்று கீழே விழுந்து உடைந்தது.

"எலே, நம்ம விஜயதாஸ்!" என்றார்.

யோசுவா அண்ணன் கிளப்பின் பிரசிடென்ட். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணம், பெருநாள், சாவு எதுவானாலும் அவருடைய பெட்டிதான் பாடும். சொந்தத் தொண்டையே அரை மைலுக்குக் கேட்கும், இருந்தும் மைக் இல்லாமல் பேசுவதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர். சிரித்தால் சர்க்கரை வியாதிகூட ஓடிவிடும் என்று நம்பினார். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு.

அன்று சாயங்காலமே வாசகசாலையில் கூட்டம் கூடி, 'விஜயதாஸ் ஆதரவுக் கமிட்டி' ஏகமனதாக அமைந்தது. யோசுவா அண்ணன் பிரசிடென்ட், அஜேஷ் செக்ரட்டரி, ஞானையன் அண்ணன் கன்வீனர். எல்லோரையும் கூப்பிட்டார்கள், விஜயதாஸைத் தவிர.

எங்களுக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் காலை. அஜேஷ் வெள்ளைத் துணியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணா, ஒரு பேனர் எழுதணும். ரெண்டு பாசையிலயும்."

"என்ன எழுதணும்?" என்றார் இவர்.

"விஜயதாஸ் ஆதரவுக் கமிட்டி நடத்தும் மாபெரும் மகிழ்ச்சிக் கூட்டம். அனைவரும் வருக."

இவர் துணியை விரித்து நூல் பிடித்து அளந்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

"எந்த விஜயதாஸ்?"

"நீங்கதான் அண்ணா."

இவர் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நான் அதற்குத் தயாராகத்தான் வாசலில் நின்றேன்.

"சிவப்பா, நீலமா?" என்று கேட்டார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "எலே அஜேஷே, உனக்கு வேற வேலை இல்லியா?" என்றேன்.

"சேச்சி, இது அண்ணனுக்கு வேண்டியாக்கும்."

"அண்ணனுக்கு என்ன வேணும்னு அண்ணன்கிட்ட கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாரு. இந்த வகைக்காரங்க அப்பிடித்தான்னு கேம்புல படிச்சாச்சு."

வேண்டாம் என்றாலும் வேண்டும் என்றுதான் பொருள் என்று ஒருவன் படித்துவிட்டு வந்தபிறகு அவனிடம் என்ன பேச முடியும்? இவர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். அத்தனை அழகான பேனரை அவர் அதற்குமுன் யாருக்கும் எழுதியதில்லை. 'மகிழ்ச்சி' என்ற வார்த்தையைச் சுற்றி நிழல் கொடுத்து, ஓரத்தில் பூவும் போட்டிருந்தார்.

கூட்டம் வாசகசாலை முன்னால் நடந்தது. எங்கள் ஊரில் கூட்டம் என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. ஈஸ்வரப் பிரார்த்தனை, வரவேற்பு, தலைமையுரை, தொடக்கவுரை, பிறகு வரிசையாக வாழ்த்துரை. ஒருவன் வருத்தமாக இருப்பதற்கு ஏழெட்டுப் பேர் வாழ்த்துச் சொன்ன ஊர் உலகத்தில் எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். இவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் ஒற்றை நாற்காலி போட்டு இவரை உட்காரவைத்தார்கள். நான் பெண்கள் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மிமிக்ரி. காட்டாக்கடையிலிருந்து ஒரு பையனை வரவழைத்திருந்தார்கள். அவன் கோழி கூவுவதுபோல் கூவினான், ஜனங்கள் என் கணவரின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் பழைய பஸ் மேடு ஏறுவதுபோல் முக்கினான், ஜனங்கள் என் கணவரின் முகத்தைப் பார்த்தார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். "இன்னும் சிரிக்கல்ல" என்று பின்வரிசைக்கு ஒருவர் செய்தி சொல்லி அனுப்பினார். பாவம், மிமிக்ரிப் பையனை ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியில் அவனுக்கே அழுகை வருகிற மாதிரி இருந்தது.

யோசுவா அண்ணன் மைக்கை இவர் வாயருகே கொண்டுபோனார். "விஜயதாசே, ரெண்டு வார்த்தை. மனசுல உள்ளதை அப்பிடியே சொல்லு மக்கா."

இவர் எழுந்து, வானத்தைப் பார்த்தார்.

"மழை வரும் போல இருக்கு" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் கொட்டியது. கர்க்கடகத்தில் மழை பெய்யாமல் வேறென்ன பெய்யும்? ஆனால் நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியவர்கள், "அவனுக்க வாயில நல்ல வார்த்தை வராது" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்கள். பேனரில் நீலம் இறங்கி, மகிழ்ச்சி வழிந்து பூவுக்குள் போய்விட்டது.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. தோல்வியால் கமிட்டிகள் கலைவதில்லை, இரண்டாம் கட்டத்துக்குப் போகின்றன. தினமும் சாயங்காலம் ஒரு உறுப்பினர் முறைபோட்டு வந்து, கலுங்கில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க வைக்க வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. கலுங்கு எங்கள் முற்றத்துக்கு நேர் எதிரே. அங்கே பேசுவது முழுதும் என் அடுக்களைக்குக் கேட்கும்.

முதலில் ஞானையன் அண்ணன் வந்தார். பழைய சிரிப்புக்கதை ஒன்றைச் சொல்லி, அவரே சிரித்து முடித்தார். இவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட மௌனத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்காரர்களுக்குப் பழக்கமில்லை. கொஞ்ச நேரத்தில் ஞானையன் அண்ணனின் குரல் இறங்கியது.

"எனக்க மகன் சவுதிக்குப் போனபிறகு ஒரு போன்கூட செய்யல்ல, விஜயதாசே. உயிரோட உண்டோன்னுகூடத் தெரியாது. சாயா ஆத்தும்போ கை நடுங்குது" என்றார். பிறகு அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்தி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடி போனார்.

இவர் அன்று ஒரு தோசை குறைவாகச் சாப்பிட்டார்.

மறுநாள் அஜேஷ். நான்கு வகையில் தான் முதல் வகை, எப்போதும் உற்சாகம் என்று சொல்லித் தொடங்கியவன், அரசாங்க வேலைப் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்றதையும், அதனால் ஒரு பெண் வேறு வீட்டுக்குப் போனதையும் சொல்லி முடிப்பதற்குள் சாமத்துக்கோழி மாதிரி விக்கி அழ ஆரம்பித்துவிட்டான். அடுத்து வந்தவருக்கு மூத்த அண்ணனோடு பேச்சு இல்லை. அதற்கடுத்தவருக்கு வயிற்றில் கட்டி என்று சந்தேகம், வீட்டில் சொல்லவில்லை. சிரிக்கவைக்க வந்தவர்கள் வரிசையாக அழுதுவிட்டுப் போனார்கள். ஒருவரும் கனத்தோடு திரும்பவில்லை. கனம் முழுதும் எங்கள் கலுங்கில் இறங்கியது.

யோசுவா அண்ணனின் முறையும் வந்தது. அவர் ஓயாமல் பேசினார், யாரையும் அழவிடாத பேச்சு. இருட்டத் தொடங்கியபோது பேச்சு தீர்ந்துபோனது. அவருக்கே அது எதிர்பாராததாக இருந்திருக்க வேண்டும்.

"ரோசா போனபிறகு வீட்டுல ரேடியோவை நிறுத்தினதே இல்ல, பாத்துக்கோ" என்றார். ரோசா அவருடைய மனைவி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் தவறிப்போனவள். "உறங்கும்போதும் பாடிக்கிட்டுதான் கிடக்கும். நிறுத்தினா வீடு என்னைப் பாக்க மாதிரி இருக்கு."

அன்று யோசுவா அண்ணன் மேலிருந்த கோபத்தில் பாதி எனக்குப் போய்விட்டது. மீதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பிறகு தேவைப்பட்டது.

ஏனென்றால் முறை ஒரு சுற்று முடிந்ததும் யாரும் நிறுத்தவில்லை. ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? தன் முறை இல்லாதவர்களும் வந்தார்கள். கமிட்டியில் இல்லாதவர்களும் வந்தார்கள். லேகா என்று ஒருத்தி, மாமியாரைப் பற்றிச் சொல்ல என்னைத் தாண்டிக்கொண்டு அவரிடம் போனாள். பிறகு இவர் கலுங்குக்குப் போவதை நிறுத்தினார். அப்படியும் விடவில்லை, வீட்டுக்கே வந்தார்கள்.

அதியன்னூரில் புதிதாகத் திறக்கிற ஒரு பேக்கரிக்கு அவர் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். மலையாளம் எழுதி முடித்திருந்தார். தமிழில் முதல் எழுத்து மட்டும் போட்டு, பிரஷை மண்ணெண்ணெயில் போட்டவர் திரும்ப எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தார். தோசை ஒன்றானது, பிறகு அதுவும் பாதியானது. ஓணம் நெருங்கியும் வெயில் வந்தும் இறங்க வேண்டிய கனம் இறங்கவில்லை. டாக்டர் சொன்ன மூன்றில் வேலை நின்றுவிட்டது, சாப்பாடும் நிற்கப் போனது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு மழைக்காலத்திலும் என்னிடம் திரும்பி வந்த மனுஷன், இந்தத் தடவை வராமலே போய்விடுவாரோ என்று பயந்தேன். அன்று சாயங்காலமே டாக்டரிடம் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன்.

அன்று மத்தியானம் அவராகவே வாயைத் திறந்தார்.

"குமாரி, ஞானையன் அண்ணனுக்க மகன் போன் செய்தானா?"

அதைத்தான் அவர் படுத்துக்கொண்டு சுமந்திருக்கிறார். நான் நேரே சாயாக்கடைக்குப் போனேன். ஞானையன் அண்ணன் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டு சாயா ஆற்றிக்கொண்டிருந்தார். கை நடுங்கவில்லை.

"மகன் போன் செய்தானா அண்ணே?"

"செய்தான் டீச்சரே! முன்னாலயே செய்தாச்சு. சுகமா இருக்கான். அங்க வேலை மாறினதாக்கும், வேற ஒண்ணுமில்ல. நான் சொல்லல்லியா?"

"அவருகிட்ட சொன்னியளா?"

ஞானையன் அண்ணன் ஆற்றுவதை நிறுத்தினார். பிறகு, "அது... விட்டுப்போச்சு" என்றார்.

அழ வரும்போது வழி தெரிந்தது, சிரிக்கும்போது வழி மறந்துவிட்டது. நான் அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் எதிரே வாசகசாலையில் கமிட்டி கூடத் தொடங்கியிருந்தது. நல்லதாகப் போயிற்று என்று அங்கே நடந்தேன், ஞானையன் அண்ணனும் பின்னால் வந்தார். அஜேஷ் எழுந்து நின்று அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தான்.

"நமது திட்டம் மகத்தான வெற்றி பெற்றிருக்கிறது. உறுப்பினர்கள் அனைவரும் மனநிம்மதி அடைந்திருப்பதாகத் தெரிவிக்கிறார்கள்."

கைதட்டினார்கள். யோசுவா அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார்.

"வாங்க டீச்சரே! விஜயதாஸ் எப்பிடி இருக்கான்?"

"நீங்க எல்லாரும் சுகமா இருக்கியளா?" என்றேன்.

"தெய்வத்துக்க கிருபையில சுகம்."

"பின்ன அவரு எப்பிடி சுகமா இருப்பாரு? உங்க வீட்டுக் குப்பை முழுசும் எனக்க முற்றத்துலல்லா கிடக்குது! அவரு கட்டிலை விட்டு எழும்பல்ல. பிரஷைத் தொடல்ல. ஞானையன் அண்ணனுக்க மகன் உயிரோட உண்டான்னு நெனச்சு நெனச்சு சோறு இறங்கல்ல அவருக்கு. இவரு இஞ்ச பாட்டுப் பாடி சாயா ஆத்துகாரு. விசமம் இல்லாத ஆளுக நீங்கன்னு சொல்லிக்கிட்டு வந்தியளே, எல்லாவனும் மூட்டை கட்டிக்கிட்டுதான வந்தீங்க? இறக்கி வச்சவனுக்கு, திரும்ப வந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியல்லியா?"

அஜேஷ் அறிக்கையை நாலாக மடித்தான்.

"டீச்சரே, நாங்க நல்லது நெனச்சுதான்..." என்று அஜேஷ் தொடங்கினான்.

"உன் கேம்புல நாலு வகை படிச்சியே மக்கா, அந்த நாலாவது வகைக்காரன் மத்தவன் சொன்னதை மறக்கமாட்டான்னு படிக்கல்லியா? அவருக்க விசமம் நோயில்ல. சானல்ல தண்ணி ஏறும், இறங்கும். கரையை இடிக்காம இருந்தா போரும். இப்பம் இடிச்சாச்சு."

யோசுவா அண்ணன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பின்ன நாங்க என்னதான் செய்யணும்?" என்று கேட்டார். மைக் இல்லாத, மெல்லிய குரல். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"ஒண்ணும் செய்யாண்டாம். கிட்ட இருக்கணும்னா இருங்க, வாயைப் பூட்டிக்கிட்டு இருங்க. எனக்க அங்கன்வாடியில ஒரு பிள்ளை அழுதா, இன்னொரு பிள்ளை பக்கத்துல போய் இருக்கும். ஒண்ணும் கேக்காது. தனக்க பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டே இருக்கும். மூணு வயசுல முடியுகது உங்களுக்கு முடியாதா?"

நான் படியிறங்கும்போது பின்னால் ஞானையன் அண்ணனின் குரல் கேட்டது. "சும்மா இருக்கதுக்கும் ஒரு கன்வீனர் வேண்டாமா?" யாரோ ஆமோதித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அவன் போன் செய்தாச்சு. சுகமா இருக்கான். எப்பவோ செய்துட்டான்" என்றேன்.

இவர் திரும்பிப் படுத்தார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். "சொல்லல்லியே" என்றார். அதில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் அழுதேன். கமிட்டிக்காரர்களைப் போல நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறேனே என்று எரிச்சல் வந்து, உடனே நிறுத்தினேன். தோசை சுட்டுக் கொண்டுவந்தேன். ஒன்றை முழுதாகச் சாப்பிட்டார். டாக்டரை ஒருநாள் தள்ளிவைத்தேன்.

"எனக்கு ஒரு போர்டு எழுதித் தாங்க. கலுங்குல வைக்கணும்" என்றேன்.

"என்ன எழுதணும்?"

"ஒருத்தனும் இஞ்ச வரப்பிடாதுன்னு எழுதுங்க. ரெண்டு பாசையிலயும்."

யோசித்தார். "அது வேண்டாம்" என்றார். அதற்குமேல் அவரிடம் கேட்க முடியாது, எனக்குத் தெரியும். நான் படங்கள் வெட்டும் வேலையை எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

மறுநாள் அங்கன்வாடியிலிருந்து திரும்பும்போது படலையருகிலேயே பெயின்ட் வாசனை வந்தது. என் கால்கள் ஓடின என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. முற்றத்தில் பலகையைச் சாய்த்துவைத்து அவர் எழுதிக்கொண்டிருந்தார். பேக்கரி போர்டு பக்கத்தில் எழுதி முடித்துக் காய்ந்துகொண்டிருந்தது. என் பலகையில் பெரிய எழுத்தில், 'இங்கே உட்காரலாம்' என்று இருந்தது. அதன்கீழே சின்ன எழுத்தில், 'பேச வேண்டாம்' என்று இருந்தது. பக்கத்திலேயே மலையாளத்திலும் அப்படியே.

நானாக இருந்தால் இரண்டாவது வரியைத்தான் பெரிதாக எழுதியிருப்பேன். முதல் வரியை எழுதியிருக்கவே மாட்டேன். இத்தனை வருஷம் கூட இருந்தும், அவர் தனிமையைத்தான் விரும்புகிறார் என்று நானும் கொஞ்சம் நினைத்திருந்தேன். அவருக்கு ஆள் வேண்டாம் என்று இல்லை. பேச்சுதான் வேண்டாம்.

பலகையைக் கலுங்கில் நட்ட செய்தி ஊருக்குள் போனதும், கமிட்டி தன் குணத்தைக் காட்டியது. போர்டு என்றால் திறப்புவிழா வேண்டாமா? சாயங்காலம் எல்லோரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அஜேஷ் கையில் ரிப்பன். யோசுவா அண்ணன் கைவண்டியில் மைக் செட்டையும் பாட்டரியையும் ஏற்றிக்கொண்டு வந்து, இரண்டு குழாய்களையும் சானலைப் பார்த்துத் திருப்பிவைத்தார். இவர் ஏற்கனவே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. நான் முற்றத்தில் துடைப்பத்தோடு நின்றேன்.

யோசுவா அண்ணன் மைக்கைத் தட்டினார். தொண்டையைச் செருமினார். பலகையைப் பார்த்தார். முதல் வரியைப் படித்துத் தலையாட்டினார். இரண்டாவது வரியைப் படித்ததும் வாய் திறந்தபடியே நின்றது. அஜேஷைப் பார்த்தார். அஜேஷ் ரிப்பனைப் பார்த்தான். போர்டைத் திறந்துவைத்துப் பேசினால் போர்டை மீறியதாகும். பேசாவிட்டால் திறந்துவைத்ததாகாது. முகாமில் இதற்குப் பாடம் இல்லை போலும்.

ஞானையன் அண்ணன்தான் முதலில் உட்கார்ந்தார். பிறகு அஜேஷ். மற்றவர்கள் எதிர்ச் சுவரில் உட்கார்ந்தார்கள். யோசுவா அண்ணன் மட்டும் நின்றார். அவருடைய உதடுகள் அசைந்தன. ஒரு வரவேற்புரை, ஒரு தலைமையுரை, ஒரு நன்றியுரை மூன்றும் உள்ளே முட்டிமோதிக்கொண்டிருந்தன. முகம் சிவந்தது. சிரிப்பு வெளியே வராமல் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டேன்.

அப்போது இவர் திரும்பி யோசுவா அண்ணனைப் பார்த்தார். சுவரில் சற்றே நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

யோசுவா அண்ணன் மைக்கின் வயரைப் பிடுங்கிவிட்டு அங்கே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ரோசா போனபிறகு அவர் ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். கொஞ்சநேரத்தில் அவருடைய கன்னம் நனைந்தது. அவர் துடைக்கவில்லை, எதுவும் சொல்லவுமில்லை. பக்கத்தில் இவரும் எதுவும் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பு போய்விட்டது. யோசுவா அண்ணன் மேல் மிச்சம் வைத்திருந்த பாதிக் கோபமும் அதோடு போனது.

இருட்டியதும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இவர் வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டார். அடுத்த கர்க்கடகத்திலும் அவருக்கு அந்தக் கனம் வந்தது, போனது. இனியும் வரும்.

யோசுவா அண்ணன் மறுநாள் சாயங்காலமும் கலுங்குக்கு வந்தார், மைக் இல்லாமல். மற்றவர்களும் அவ்வப்போது வருகிறார்கள், உட்காருகிறார்கள், போகிறார்கள். விஜயதாஸ் ஆதரவுக் கமிட்டி மட்டும் இன்றுவரை கலைக்கப்படவில்லை. கலைக்கத் தீர்மானம் கொண்டுவர வேண்டுமானால் அங்கே யாராவது வாயைத் திறக்க வேண்டுமே.